டாக்டரம்மா பதில்கள்: ஒரே தோட்டம், ஒரே மருந்து, அண்ணனுக்கு மட்டும் பிள்ளை

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. எனக்கு 34 வயது, கல்யாணமாகி ஐந்து வருடம். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறேன். உலாட் புங்குஸ் புழு வந்தால் மரத்தில் துளை போட்டு மருந்து ஊற்றுவதும் நான்தான். விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிக்கு 9 மில்லியன் உயிரணு, ஓட்டம் 25 விழுக்காடு என்று வந்திருக்கிறது. மருந்துதான் காரணம் என்கிறாள் மனைவி. என் அண்ணனும் இதே மருந்தை அடித்தவர். கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பு பழம் வெட்டப் போய்விட்டார், இப்போது மூன்று பிள்ளைகள். "மருந்து என்றால் அவனுக்கும் வந்திருக்க வேண்டாமா? மாமாவுக்கும் பிள்ளையில்லை, இது நம்ம ரத்தத்தில் இருக்கு" என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?
– பெயர் வேண்டாம், பேராக்

பதில்: தம்பி, அம்மா சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மனைவி சொல்வதிலும் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு உங்களால் மாற்ற முடிந்தது மனைவி சொல்லும் பக்கம்தான்.

நீங்களே போய்ப் பரிசோதித்துக்கொண்டதற்கு முதலில் என் பாராட்டு. இந்த வட்டாரத்தில் பிள்ளையில்லை என்றால் கிளினிக்குக்கு முதலில் வருவது பெண்தான். ஸ்கேன், ஊசி, கோயில் நேர்த்திக்கடன் எல்லாம் முடிந்து, மாமியாரிடம் வாங்க வேண்டிய பேச்சையும் வாங்கி முடித்த பிறகுதான் புருஷன் வருவார், ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. அது தெரியாமல் எத்தனை பெண்கள் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் உயிரணு அளவுக்குக் கீழ்வரம்பு மில்லிக்கு 16 மில்லியன், மொத்த ஓட்டத்துக்கு, அதாவது அசையும் உயிரணுக்களின் பங்குக்கு, 42 விழுக்காடு. உங்களுடையது இரண்டிலும் குறைவு. ஆனால் இந்த வரம்பை எடுத்ததே ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிடமிருந்துதான். அவர்களிலும் நூற்றில் ஐந்து பேருக்கு அளவு இதைவிடக் குறைவு. அதனால் கதவு மூடிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே பரிசோதனையை வைத்து எந்த முடிவுக்கும் வரவும் கூடாது.

இப்போது அண்ணன் விஷயம். மரத்தில் ஊற்றும் மெத்தமிடோபாஸ், மோனோகுரோட்டோபாஸ் இரண்டும் ஆர்கனோபாஸ்பேட் என்ற நச்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்து மருந்துகள் பலவற்றை உடைத்துப்போடும் ஒரு நொதி நம் ரத்தத்தில் ஓடுகிறது. அதைச் செய்யச் சொல்லும் மரபணுவுக்குப் பான்-1 என்று பெயர். அந்த நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும். ஜிஎஸ்டிஎம்-1 என்று இன்னொரு மரபணு, நச்சை உடம்பிலிருந்து கழித்துவிடும் வேலையில் உதவுவது. நல்ல ஆரோக்கியமான மனிதர்கள் பலருக்கு அது முழுதாகவே கிடையாது. சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது, நச்சு ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியவரும். ஒரே மழைதான், ஆனாலும் லயத்தில் எந்த வீட்டுக் காவாய் அடைத்திருக்கிறதோ அந்த வீட்டுக்குள்தானே தண்ணீர் ஏறுகிறது?

இது வெறும் ஊகம் இல்லை. தென் மெக்சிகோவில் விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பான்-1 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்குத்தான், மருந்தோடு புழங்கப் புழங்க உயிரணுவின் தரமும் அதன் டிஎன்ஏவும் கூடுதலாகக் கெட்டிருந்தன. அண்ணன் தம்பி என்றால் மரபணு ஒன்றாக இருக்கும் என்று அம்மா நினைக்கிறார். அப்படியில்லை. பெற்றோர் ஒவ்வொருவரிடமும் இருக்கும் இரண்டு பிரதியில் எது யாருக்குப் போகும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக முடிவாகிறது. அதனால் "அண்ணனுக்கு வரவில்லை, ஆகவே மருந்து இல்லை" என்ற வாதம் நிற்காது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது. அண்ணன் கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பே மருந்தை விட்டுவிட்டார். ஓர் உயிரணு உருவாக ஏறக்குறைய 74 நாள். பிறகு அது முதிர்ந்து வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆக இன்றைய ரிப்போர்ட் காட்டுவது கடந்த மூன்று மாதத்தை. அண்ணன் பிள்ளை பெற்றபோது அவர் உடம்பில் ஓடியது மருந்து படாத உயிரணு. உங்களுக்கு அந்த இடைவெளியே கிடைக்கவில்லை.

மாமாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆணின் உயிரணுக் குறைவுக்கு நாங்கள் முதலில் தேடும் பரம்பரைக் கோளாறுகளில் ஒன்று ஒய் குரோமோசோமில் சிறு துண்டுகள் விடுபட்டுப்போவது. ஒய் அப்பாவிடமிருந்துதான் வரும். அம்மாவுடன் பிறந்த மாமாவின் ஒய் உங்களிடம் வர வழியே இல்லை. தாய் வழியில் வரும் கோளாறுகளும் சில உண்டு, ஆனால் உங்கள் அளவுக்கு நான் அங்கே போய்த் தேடமாட்டேன். மாமா அந்தக் காலத்தில் தோட்டத்தில் என்ன வேலை பார்த்தார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். முதுகில் மாட்டும் பம்பு கசிகிறதா? மருந்தடிப்பவர்கள் கிளினிக்குக்கு வரும்போது நான் பார்ப்பது கையை அல்ல, கால்சட்டையின் பின்பக்கத்தை. கசிந்த மருந்து முதுகு வழியாக இறங்கி இடுப்பில் ஊறி, வேலை முடியும்வரை அங்கேயே கிடக்கிறது. பாரத்தியான் என்ற ஆர்கனோபாஸ்பேட்டை வைத்து 1971-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்கைத் தோல் சுமார் 9 விழுக்காட்டை உறிஞ்சியது. விதைப்பைத் தோல் கிட்டத்தட்ட முழுவதையும் உறிஞ்சியது. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஈரக் கால்சட்டையோடு நிற்பவருக்கு என்ன பாதுகாப்பு?

1977-இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் லாத்ரோப் என்ற ஊரில், டிபிசிபி என்ற புழுக்கொல்லியைத் தயாரித்த ஆலையில் வேலை செய்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான் யாருக்கும் பிள்ளை தங்கவில்லை என்று கவனித்தார்கள். சோதித்தால் பலருக்கு உயிரணு மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. வேலையை விட்ட பிறகு குறைவாக இருந்தவர்களில் பலருக்கு அளவு திரும்பியது. அறவே இல்லாமல் போனவர்களில் பலருக்குத் திரும்பவில்லை. உங்களுக்கு 9 மில்லியன் இருக்கும்போதே நான் அவசரப்படுத்துவது இதனால்தான்.

மண்டோரிடம் பேசி மூன்று மாதமாவது மருந்து வேலையிலிருந்து மாறுங்கள், பழம் பொறுக்குவதாக இருந்தாலும் சரி. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இரசாயனத்தோடு புழங்குபவர்களுக்கான மலேசியாவின் 2000-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தொழில்சார் சுகாதார மருத்துவர் சொன்னால் முதலாளி உங்களைத் தற்காலிகமாக வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். பாதுகாப்புச் சாமான்களுக்கு உங்கள் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், அதன் புகையில் வரும் காட்மியம் என்ற நச்சு உலோகமும் விதையைப் பாதிக்கும். விதைப்பையில் ரத்த நரம்பு புடைத்திருக்கிறதா என்று ஒரு டாக்டர் கையால் தொட்டுப் பார்க்கட்டும், அது சரிசெய்யக்கூடிய காரணம். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை, அதற்கு முன் 2 முதல் 7 நாள்வரை உறவு வேண்டாம்.

கேள்வி: என் கணவர் பழைய பேட்டரி உடைக்கும் கடையில் வேலை பார்க்கிறார். மூத்தவனுக்கு 4 வயது, அடுத்தது நிற்கவே இல்லை. உடம்புக்குத் தெம்பு வர லேகியம் வாங்கித் தரலாமா?
– ஒரு சகோதரி, தெலுக் இந்தான்

பதில்: லேகியம் வேண்டாம் அம்மா. லேபிள் இல்லாத சில லேகியங்களிலேயே ஈயம் இருந்திருக்கிறது, அவர் வேலையிலும் ஈயம்தான். ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டினால் உயிரணு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இங்கேயும் மரபணுவின் கை உண்டு: ஏஎல்ஏடி என்ற மரபணுவின் ஒரு வடிவம் இருப்பவர்களின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாகத் தங்கும். அதனால் பக்கத்தில் வேலை செய்பவருக்கு ஒன்றுமில்லை என்று இவர் சும்மா இருந்துவிட முடியாது.

இதைவிட எனக்குக் கவலை உங்கள் மகன்தான். கணவரின் வேலைச் சட்டையைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். அவர் கடையிலேயே குளித்து மாற்றிக்கொண்டு வரட்டும். அப்பா வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் வயது, அந்தத் தூசி நேரே வாய்க்குத்தான் போகும். மகனுக்கும் அதே ரத்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆண்மைக்குறைவு மரபணுச் சோதனை என்று இணையத்தில் 800 வெள்ளிக்கு விற்கிறார்கள். எச்சில் அனுப்பினால் போதுமாம். நான் இன்னும் விந்துப் பரிசோதனை செய்யவில்லை. இதை வாங்கலாமா?
– வாசகர், பாகான் டத்தோ

பதில்: வாங்காதீர்கள். பான்-1, ஜிஎஸ்டிஎம்-1 எது எந்த வடிவம் என்று தெரிந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை, நச்சிலிருந்து விலகச் சொல்வதுதான் எல்லாருக்கும். மரபணுச் சோதனை பயன்படும் இடம் வேறு. உயிரணு மில்லிக்கு 5 மில்லியனுக்குக் கீழே போனால் குரோமோசோம் சோதனையும், ஒய் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற சோதனையும் டாக்டரே எழுதித் தருவார். ஊசி வழி கருத்தரிப்புக்கு (கருமுட்டைக்குள் ஊசியால் உயிரணுவைச் செலுத்துவது) போகுமுன் அது தெரிய வேண்டும், ஏனென்றால் விடுபட்ட ஒய் அப்படியே மகனுக்கும் போகும். நீங்கள் இன்னும் விந்துப் பரிசோதனையே செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) மனைவியோடு போய்ப் பெயர் பதிந்து, அதற்குக் கடிதம் வாங்குங்கள்.