கதவுக்கு வெளியே ஓர் ஆள்

அண்ணா, வணக்கமுங்க.

திருப்பூரில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். ஓவர்லாக், பேட்லாக் சேர்த்துப் பதினாறு தையல் மிஷின். ஷிப்மென்ட் நெருங்கினால் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் ஓடும். மூன்று வருசமாகத் தூக்கம் சரியில்லை. படுத்த பிறகும் போனைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். போன வருசத்திலிருந்து டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை எடுக்கிறேன், பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து.

ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் ஏழு நாள் ‘இருட்டுத் தியானம்’ நடத்துகிறார்கள் என்று நண்பர் ஒருவர் விளம்பரம் அனுப்பினார். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாத அறையில் தனியாக இருக்க வேண்டுமாம். சித்தர்கள் குகைக்குள் செய்தது இதுதான், மூளையில் தூக்கத்துக்கான மெலட்டோனின் பெருகி, அப்புறம் டிஎம்டி என்ற காட்சிகள் காட்டும் ரசாயனம் சுரக்கும், அதற்குப் பிறகு மாத்திரையே வேண்டியதில்லை என்று போட்டிருக்கிறார்கள். கட்டணம் முப்பத்தைந்தாயிரம். வீட்டில், “உள்ள கெடக்கறப்ப ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு பார்ப்பா?” என்று சண்டை. நீங்கள் அப்படி இருந்து வந்ததாக ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். போகலாமா? இது நம் மரபுதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
திருப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் வீட்டில் கேட்டதுதான் சரியான கேள்வி. யார் பார்ப்பார்கள்? நான் உள்ளே போனபோது எனக்கு அது தோன்றவில்லை. மூன்றாம் நாள் ராத்திரிதான் தோன்றியது.

நான் இருந்தது நான்கு இரவுகள், இரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு ஐப்பசியில். நீங்கள் சொல்லும் பக்கம்தான், ஆனால் வேறு இடம். பெயர் சொல்ல விருப்பமில்லை. தென்னந்தோப்புக்கு நடுவில் ஓட்டு வீடு, அதன் பின்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். காற்றுக்குச் சுவரில் இரண்டு குழாய், உள்ளே கருப்புப் பெயிண்ட் அடித்து இரண்டு இடத்தில் மடக்கியது. காற்று வளைந்து வந்துவிடும், வெளிச்சம் அந்த மடக்கிலேயே நின்றுபோகும். கட்டிலிலிருந்து இடுப்பு உயரத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிறு. கையால் தடவிக்கொண்டே போனால் ஒரு முடிச்சில் தண்ணீர்க் குடம், இரண்டு முடிச்சில் கழிவறைக் கதவு. சாப்பாடு சுவரில் பதித்த மரப்பெட்டி வழியாக வரும். வெளிக்கதவைச் சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் நாம் உள்கதவைத் திறக்க வேண்டும்.

முதல் நாள் முழுக்கத் தூங்கினேன். பல மாதத்துத் தூக்கம் மொத்தமாக வந்து விழுந்த மாதிரி இருந்தது. முழித்துப் பார்த்தபோது இருட்டு கருப்பாக இல்லை, அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக முப்பது, நாற்பது நிமிடம் பிடிக்கும். அதற்கப்புறமும் வெளிச்சமே விழாத விழித்திரை சும்மா இருப்பதில்லை, அதன் சலசலப்பைத்தான் சாம்பலாகப் பார்க்கிறோம். இரண்டாம் நாள் அந்தச் சாம்பலில் புள்ளிகள், கட்டங்கள், சேலைக்கரை மாதிரி நெளிந்து நகரும் பட்டைகள் வந்தன. பிறகு ஒரு முறை, காலமான எங்கள் ஆத்தா களத்து ஓரத்தில் குந்திக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். அதை இன்றைக்கும் பெரிதாகவே வைத்திருக்கிறேன். ஆனால் தரிசனம் என்று சொல்லமாட்டேன். கண்ணிலிருந்து சேதி வருவது நின்றுபோனால் மூளை தானே வரைய ஆரம்பிக்கிறது. இருட்டறையில் அடைக்கப்பட்ட கைதிகள் கண்டதற்குச் ‘சிறைக்கைதியின் சினிமா’ என்றே பெயர் உண்டு. பார்வை மங்கிய கிழவர்கள் சிலர், சித்தம் தெளிவாக இருக்கும்போதே, வாசலில் இல்லாத ஆட்களைப் பார்ப்பதும் இதே வழியில்தான்.

சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். அரிசிம்பருப்புச் சோறு வந்தது. மூடியைத் திறப்பதற்கு முன்பே வாசனை சொல்லிவிட்டது. சின்ன வெங்காயம் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட, அவசரமில்லாமல் சாப்பிட்டேன். போதும் என்று தோன்றிக் கையை எடுத்தேன். அப்புறம் தடவினால் தட்டில் பாதி அப்படியே இருந்தது. வீட்டில் எந்த நாளும் நான் அங்கே நிறுத்தியதில்லை. உங்களுக்குப் போன் எப்படியோ அப்படி எனக்குச் செய்தி. இரண்டாம் நாளே அதைக் கை தேடுவது நின்றிருந்தது. ஆகவே இதில் ஒன்றுமில்லை என்று சொல்லும் ஆள் நான் இல்லை.

மூன்றாம் நாள் ராத்திரி தோப்பில் ஒரு மட்டை விழுந்தது. தெரியாத சத்தமா அது? ஆனாலும் அறைக்குள்ளேயே விழுந்த மாதிரி இருந்தது. எழுந்து உட்கார்ந்து கயிற்றுக்குக் கை நீட்டினேன், சுவர் பட்டது. அந்தப் பக்கம் சுவரே கிடையாது. திரும்பினேன், அங்கேயும் சுவர். கதவுக்கு வெளிப்பூட்டு இல்லை, திறந்துகொண்டு போகலாம் என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். கதவு எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை. நெஞ்சு அடிக்கிற சத்தம் காதில் கேட்டது. தலைமாட்டுச் சுவிட்சு கையில் அகப்பட்டதும் அழுத்தினேன். தூரத்தில் மணி அடித்தது. ஆள் வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். பாதி ராத்திரி அப்படிக் கிடந்தேன் என்று சத்தியம் செய்திருப்பேன்.

கடைசியில் கதவுக்கு வெளியே மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். “சாமி, மோட்டார் போடப் போயிருந்தனுங்க. பன்னண்டுக்குத்தான் த்ரீபேஸ் உட்டாங்க. கெணத்து மேட்டுலயே மணி கேட்டுதுங்க, மடையத் திருப்பிட்டு ஓடியாறதுக்குள்ள இருவது நிமிசம் ஆயிப்போச்சுங்க.”

இருபது நிமிசம்.

அவர் போகவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். மோட்டார்க் காயில் எரிந்து செலவு வைத்தது, வெள்ளை ஈ இறங்கி மட்டையெல்லாம் கரும்பூசணம் படர்ந்தது, மகளுக்கு உடுமலையில் பார்த்திருக்கிற இடம். குரல் வந்த திசையில்தான் கதவு. அதை வைத்து அறையைத் திரும்பவும் அடுக்கிக்கொண்டேன்: இது கதவு, இது கயிறு, இது கட்டில். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. என்னிடம் பணம் வாங்கியவர் அந்த நான்கு நாளும் அங்கே இல்லை. உள்ளே இருப்பவருக்கு வலிப்பு வந்தால், மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று அந்தப் பெரியவருக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்திருக்கவும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இருட்டில் நேரக்கணக்கு இப்படிப் பிசகுவதைப் பிற்பாடு பிரெஞ்சுக்காரர் மிஷேல் சிஃப்ரிடம் கண்டேன். நிலவியல் படித்தவர். 1962இல், தம் 23ஆம் வயதில், ஆல்ப்ஸ் மலையில் ஸ்கராஸன் என்ற குகைக்குள் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14 அன்று ‘காலம் முடிந்தது’ என்று சொன்னபோது அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20. விநாடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணச் சொன்னால், எண்ணி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. இத்தனைக்கும் அவரிடம் சின்ன விளக்கு இருந்தது. எனக்கு நேரம் நீண்டது, அவருக்குச் சுருங்கியது. ஆனால் முக்கியமான விஷயம் குகை வாசலில் இருந்தது. தூங்கப் போகும்போதும் எழும்போதும் சாப்பிடும்போதும் அவர் தொலைபேசியில் சொல்வார். அதை எடுக்க மேலே இரவு பகலாக ஆள் இருந்தது.

மரபைக் கேட்டீர்கள். முழு இருட்டில் இருப்பதை ஒழுங்கான பயிற்சியாக வைத்திருப்பவர்கள் திபெத்தியர்கள், குறிப்பாக அங்கே ‘போன்’ (Bön) என்ற பழைய சமய மரபினர். 49 நாள் வரை உண்டு. பல வருசம் பயின்றவருக்கு, குருவின் கண்காணிப்பில் மட்டும். நம் பக்கம் வந்தால், உடம்பைப் புதுப்பிக்கும் காயகற்பத்துக்கென்று மூன்று சுற்று வைத்த குடிலை ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை சொல்கிறது. அந்தக் குடிலை எங்கே கட்டுவது? வைத்தியர்கள் வாழும், பயமில்லாத, வேண்டிய பொருள் கிடைக்கும் ஊரில் கட்டு என்கிறது. ரமணர் 1896இல் திருவண்ணாமலைப் பாதாள லிங்கக் குழியில் கிடந்தபோது பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின, அவருக்கு அது தெரியவில்லை. சேஷாத்ரி சுவாமிகள் காவல் நின்றார். கடைசியில் மற்றவர்கள்தான் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். 16 வயதுப் பையன் அப்போது.

ஊதியூர் மலையில் கொங்கணர் குகைக்குச் சின்ன வயதிலிருந்து போகிறேன். சென்னிமலையிலும் சித்தர் குகை உண்டு. வாசல் உள்ள குகையில் பகலில் வெளிச்சம் வரத்தான் செய்யும். தனிமையைத் தேடிப் போனவர்களை முழு இருட்டைத் தேடிப் போனவர்களாக மாற்றுவது விளம்பரம் எழுதுகிறவரின் வேலை. சைவ சித்தாந்தம், உயிரை மறைக்கும் ஆணவத்துக்கே இருள்மலம் என்று பெயர் வைத்தது. இருட்டு பொருளை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டும், ஆணவம் அதையும் காட்டாது என்று விளக்கியது. இருட்டை இவ்வளவு கூர்ந்து பார்த்தவர்களின் பேரால் கட்டண ரசீது போடுவது எனக்கு வலிக்கிறது.

மெலட்டோனின் விஷயத்துக்கு வருகிறேன். அது இரவுச் சுரப்பு, வெளிச்சம் பட்டால் அடங்கும் என்பது உண்மை. ஏழு நாளும் இருட்டாக இருந்தால் ஏழு நாளும் கொட்டிக்கொண்டிருக்கும் என்பது உண்மையில்லை. சுரக்கச் சொல்வது மூளைக்குள் இருக்கும் கடிகாரம். முழு இருட்டிலும் அது தன் பாட்டுக்கு ஓடும், 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு சுற்றில். காலை வெளிச்சம் பட்டால்தான் தினமும் சரியாகும். விழித்திரையில் பொழுதை அறிய என்றே தனிச் செல்கள் இருப்பது 2002 வாக்கில் தெளிவானது. வெளிச்சமே எட்டாத பார்வையற்றோர் பலருக்குத் தூக்கம் நாளுக்கு நாள் தள்ளிப்போய், சில வாரத்தில் பகலுக்கு வந்துவிடும். டிஎம்டியோ, இருட்டில் இருந்தால் மனித மூளையில் அது சுரக்கும் என்று யாரும் நிரூபித்ததில்லை.

இருட்டோடு வெளிச்சமும் வேண்டும் என்பதை, உடுமலைப் பக்கம் பட்டுப்புழுவுக்கு இளம்புழு வளர்ப்பு மையம் வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவர் எனக்குக் கண்ணால் காட்டினார். பட்டுப்புழு முட்டையில் ஊசிமுனை அளவு கரும்புள்ளி தெரிந்ததும் அட்டையைக் கருப்புத்தாளில் சுற்றி இரண்டு நாள் இருட்டில் வைக்கிறார்கள். முந்தின முட்டை பொறுத்திருக்கும், பிந்தினது வந்து சேர்ந்துகொள்ளும். மூன்றாம் நாள் விடியலில் தாளைப் பிரித்தார். வெளிச்சம் பட்டதும் அட்டை முழுக்க எள் தூவியது போலப் புழுக்கள் நெளிந்தன. இருட்டோடு அந்தக் காலை வெளிச்சமும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்தது. உங்களுக்கு இந்த மூன்று வருசமாக ராத்திரி இரண்டு மணிக்கும் டியூப்லைட், அப்புறம் போன், காலையில் ஒன்பது மணிக்கு இழுத்து மூடிய திரை என்று இருந்தால் இரண்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஷிப்மென்ட் இல்லாத வாரத்திலாவது பத்து மணிக்கு விளக்கை அணைத்து, போனை மிஷின் ரூமில் வைத்துவிட்டு, விடிந்ததும் மொட்டைமாடியில் அரைமணி நில்லுங்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதை இரண்டு முறை படியுங்கள். எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் ஒருவேளையும் விடக்கூடாது. பதட்டத்துக்கு மருந்து எடுக்கிறவர் அவரைக் கேட்காமல் இந்த அறைக்குள் போகவும் கூடாது. வலிப்பு, மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு உள்ளவர்களும், இன்சுலின் போடுகிறவர்களும் போகவே வேண்டாம் என்பது என் எண்ணம். மாத்திரையை விடச் சொல்லும் இடம் என்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே அதை விட்டுவிடலாம்.

டாக்டர் சம்மதித்துப் பின்னொரு நாள் வேறு எங்காவது போனால், பகலில் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். ராத்திரி கதவருகே படுப்பவர் யார், மோட்டார் போட அவர் போனால் மாற்று யார், பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை நிமிசம், வண்டி நிற்கிறதா என்று கேளுங்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் காற்று வருகிறதா என்று பாருங்கள். எங்கள் அப்பாரு காலத்தில் சோளம் போட்டு மூடிவைத்த குழியைத் திறந்தால் உடனே யாரையும் இறங்கவிடமாட்டார்கள். கயிற்றில் விளக்கைக் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்தால் அன்றைக்கு இறங்குவதில்லை. இறங்குகிறவன் இடுப்பிலும் கயிறு இருக்கும், அதன் மறுமுனை மேலே ஒருவர் கையில்.

வரும் அமாவாசைக்குக் காங்கயம் வழியாக எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள். வீட்டில் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தோட்டத்துச் சாளை வீட்டில் ஒரு அறை இருக்கிறது, ஜன்னலுக்குப் போர்வை கட்டிவிடலாம். பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டு விளக்கை அணைத்துவிடுவோம். நான் வெளித்திண்ணையில்தான் படுப்பேன், கூப்பிட்டால் கேட்கும். விடிகாலை ஐந்தரைக்குக் கட்டுத்தரையில் பால் கறக்கிற சத்தம் கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு வாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்