கடைக் கண்ணாடிக்குள் ஒரு தெரு

கேள்வி: அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் எஸ்டீஸ் வரைந்த நியூயார்க் கடைக் கண்ணாடிகளில், உள்ளே இருக்கும் பொருளும் எதிர்த் தெருவின் பிம்பமும் ஒரே கூர்மையில் தெரிகின்றன. போட்டோவைப் பார்த்து நான் வரைந்தால் ஒன்று மங்கிவிடுகிறதே, ஏன்?

பதில்: ஒரே போட்டோவை நம்புவதால்தான். கண்ணாடிக்கு 3 மீட்டர் முன்னால் நிற்கிறீர்கள். எதிர்க் கட்டடம் கண்ணாடியிலிருந்து 12 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் பிம்பத்துக்கு லென்ஸை 15 மீட்டரில் ஃபோகஸ் செய்ய வேண்டும். கண்ணாடியை ஒட்டி உள்ளே இருக்கும் பொருளுக்கோ 3 மீட்டர்தான். எஸ்டீஸ் ஓர் இடத்தைப் பல படங்களாக எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் வேண்டியதை மட்டும் எடுத்துச் சேர்த்து வரைந்தார். 1967இல் அவர் வரைந்த 'டெலிபோன் பூத்ஸ்' மாட்ரிட்டின் தைசன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலோகச் சட்டங்களில் தெரு துண்டு துண்டாக மின்னுவதைப் பாருங்கள், அத்தனை அழகு!

கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, அசைக்காமல் குறைந்தது நான்கு படங்கள் எடுங்கள்: உள்பொருளுக்கு, பிம்பத்துக்கு, வெளிச்சப் பகுதிக்கு, நிழலுக்கு. நிழலுக்கான படம் மிக முக்கியம். போட்டோவில் கறுப்பாகத் தெரிவதை அப்படியே டியூப் கறுப்பில் பூசினால் அந்த இடம் ஓட்டை விழுந்தது போல் இருக்கும். பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்த அடர்நிறமே சரி.

எஸ்டீஸ் பல ஓவியங்களில் முதலில் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்டில் அடிப்பூச்சு போட்டு, மேலே ஆயில் பெயின்ட் தீட்டினார். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆயில் மேல் அக்ரிலிக் பிடிக்காது, உரிந்துவிடும்.