மழை மாதக் காணிக்கைக்கு அடகுக் கடையா?

கேள்வி: என் வீட்டுக்காரர் அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். பால் நன்றாக ஓடும் எட்டு மாதமும் மாதத்துக்கு ரூ.28,000 வரும். இலை உதிரும் பிப்ரவரி, மார்ச்சிலும், மழை பிடித்துக்கொள்ளும் இரண்டு மாதத்திலும் 14,000 தாண்டாது. அப்போதெல்லாம் கைமாற்றுதான். வீட்டுச் செலவு 20,000. எந்த மாதமானாலும் சபைக்கு தசமபாகம் (வரவில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை) என்று 2,400 போய்விடும். இரண்டு வருஷம் முன் மகளின் படிப்புக்காக என் ஐந்து பவுனை 18 சதவீத வட்டிக்கு வைத்து 1,20,000 வாங்கினோம். போன வருஷம் கன்வென்ஷனில் ஆலயக் கட்டடத்துக்கு 50,000 தருவதாக அவர் எழுதிக் கொடுத்தார். நகையை 1,70,000-க்கு மாற்றி வைத்து, கையில் வந்ததைக் கொடுத்தோம். இப்போது கடையில் மறுபடி மாற்றி வைக்கச் சொல்கிறார்கள். சேர்த்து வைப்போம் என்றால், "வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னா உணவைச் சேர்த்து வைத்தவனுக்குப் புழுதான் பிடித்தது, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். பாறசாலையில் லட்ச ரூபாய் சிட்டி (ஏலச் சீட்டு) பிடித்து நகையைத் திருப்பலாமா? நான் அவிசுவாசியா?

— களியக்காவிளை அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: நீங்கள் அவிசுவாசி இல்லை. வீட்டில் கணக்குப் பார்க்கிற ஒரே ஆள், அவ்வளவுதான்.

காணிக்கை கொடுப்பதை நான் குறை சொல்லப் போவதில்லை. கெடுக்கிற பழக்கம் அந்த "மாற்றி வைப்பது": வட்டியைக் கட்டாமல், பழைய கடனோடு சேர்த்துப் பெரிய தொகைக்குப் புதிதாக அடகு எழுதுவது. முதல் வருஷ வட்டி 21,600. அதைக் கட்டாமல் 1,70,000-க்கு மாற்றியபோது உங்கள் கைக்கு வந்தது 28,400 மட்டுமே. இந்த வருஷ வட்டி 30,600. மறுபடி மாற்றினால் கடன் 2,00,600. ஆக, 1,20,000-க்கு மேல் ஏறிய 80,600-ல் ஆலயத்துக்குப் போனது 28,400, கடைக்குப் போனது 52,200. வாக்குக் கொடுத்த ஐம்பதாயிரத்தில் பாக்கி 21,600. முதல் வருஷ வட்டியும் அதே தொகைதான், பாருங்கள்.

இனி மாதத்துக்கு ஏறும் வட்டி சுமார் 3,000. உங்கள் தசமபாகத்தைவிடக் கூடுதல். பவுன் விலை ஏறிக்கொண்டே இருந்ததால் கடையும் கேட்டபோதெல்லாம் கூட்டித் தந்தது. விலை இறங்கினால் இதே கடையிலிருந்து ஏல நோட்டீஸ் வரும்.

மன்னா விஷயத்துக்கு வருவோம். வீட்டுக்காரர் பைபிளில் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்க்கச் சொன்னதும் அதே அதிகாரம்தான். ஏழாம் நாள் மன்னா விழாது, அன்று அதில் புழுவும் வரவில்லை. எந்த மாதம் பால் இருக்காது என்று பால்வெட்டுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் தசமபாகத்தை அந்தந்த மாத வரவில் பத்தில் ஒன்றாக ஆக்குங்கள். நல்ல மாதத்தில் 2,800, வறண்ட மாதத்தில் 1,400. வருஷத்துக்கு 28,000. இப்போது கொடுப்பது 28,800. சபைக்குக் குறைவது 800 ரூபாய். உங்களுக்கோ, கைமாற்று வாங்கும் மாதத்தில் ஆயிரம் ரூபாய் மிச்சம். இல்லாததிலிருந்து அல்ல, உள்ளதிலிருந்து கொடுப்பதே ஏற்கப்படும் என்று பவுலும் எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 8). பாஸ்டர் மறுக்க மாட்டார்.

அடுத்து, நல்ல மாதத்தில் செலவும் காணிக்கையும் போக மிஞ்சும் 5,200-ஐ உங்கள் பெயரில் தனியாக ஒரு தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். ஏடிஎம் கார்டு வாங்க வேண்டாம். எட்டு மாதத்தில் 41,600. வறண்ட நான்கு மாதத்தில் விழும் துண்டு, மாதம் 7,400 வீதம் 29,600. மிச்சம் 12,000. கைமாற்றும் நின்றுவிடும்.

இந்த 12,000-ஐ வைத்து இரண்டு லட்சம் கடனை ஆள முடியாது. பத்து சதவீதத்தை ஒட்டிய வட்டியில் வங்கிக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ மாற்றினாலும் வருஷ வட்டி 20,000 வரும். அதனால் இரண்டு பவுனை விற்றுவிடுங்கள். வலிக்கும், தெரியும். எலிசா தீர்க்கதரிசியிடம் கடனோடு வந்த விதவைக்குக் கிடைத்த ஆலோசனையும் இதுதான்: அற்புதமாகப் பெருகிய எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர், மீதியில் பிள்ளைகளோடு பிழை (2 இராஜாக்கள் 4). அந்த எண்ணெயை ஊற்ற அவள் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியது வெறும் பாத்திரம்தான், பணம் இல்லை.

இரண்டு பவுனில் கடனில் பாதிக்கு மேல் அடைந்துவிடும். கடையில் பகுதி மீட்பு கேளுங்கள். எல்லா உருப்படியும் ஒரே ரசீதில் இருந்தால் பிரித்துத் தரத் தயங்குவார்கள். அப்படியானால் சொந்தத்தில் யாரிடமாவது இரண்டு நாள் கைமாற்று வாங்கி முழுவதையும் மீட்டு, அன்றே இரண்டு பவுனை விற்று, மிச்ச மூன்று பவுனை வங்கியில் வைத்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். நான் சம்மதிக்கிற ஒரே கைமாற்று இது. "அடகு நகையை மீட்டு வாங்குகிறோம்" என்று போர்டு வைத்திருப்பவர்களிடம் போகாதீர்கள், அவசரத்துக்கும் சேர்த்துக் கழிப்பார்கள். விற்கும்போது எடையை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். கல், அரக்கு என்று எதற்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

வங்கியில் வைக்கும்போது ஒவ்வொரு உருப்படிக்கும் தனி ரசீது கேளுங்கள். பிறகு கம்மலை மட்டும், செயினை மட்டும் என்று ஒவ்வொன்றாகத் திருப்பலாம். மிச்சக் கடன் லட்சத்துக்குள் நிற்கும். வட்டியை மாதா மாதம் 850 ரூபாய்க்குள் கட்டிவிடலாம்.

சிட்டி வேண்டாம். ஏலத்தில் தள்ளும் உச்சக் கழிவு 30 சதவீதம் உள்ள சிட்டியைத் தொடக்கத்திலேயே பிடித்தால் கையில் வருவது 70,000-தான்; மாதா மாதம் லாபப் பங்கு கழித்துக் கட்டினாலும், மொத்தமாகக் கட்டுவது அதைவிடக் கூடுதல். அதற்கும் ஜாமீன் கேட்பார்கள். உங்களிடம் ஜாமீன் வைக்க இருப்பது அந்த நகைதான்.

கட்டடக் காணிக்கை பாக்கி 21,600-க்கு இருவருமாகப் போய்ப் பாஸ்டரைப் பாருங்கள். நகை மொத்தமும் திரும்பிய பிறகு மாதம் 600 வீதம் மூன்று வருஷத்தில் தருகிறோம் என்று சொல்லுங்கள்.

அடகு ரசீதில் தவணைத் தேதி இருக்கும். பத்து நாள் மிச்சம் இருக்கும்போதே போங்கள். கடைசி நாளில் போய் நின்றால், கவுண்டரில் இருப்பவர் வாய் திறந்ததும் சொல்வது, "மாற்றி வச்சிரலாமே அக்கா."