என்ஐடபிள்யூ மனு: கடிதங்களை எண்ணும் முன் எழுத வேண்டிய ஒரு பத்தி

கேள்வி: மின் பொறியியலில் பி.இ. முடித்து ஒன்பது ஆண்டு அனுபவம். இப்போது அமெரிக்காவில் எச்-1பி விசாவில், மின்கட்டமைப்புப் பாதுகாப்புத் துறையில் வேலை. நிறுவனத்தை எதிர்பார்க்காமல் நானே இபி-2 என்ஐடபிள்யூ மனு (உயர்கல்வி பெற்றவர்களுக்கான கிரீன் கார்டு பிரிவில், தேசிய நலன் கருதி வேலை வாய்ப்பு நிபந்தனையிலிருந்து விலக்கு கேட்கும் மனு) போட நினைக்கிறேன். எத்தனை பரிந்துரைக் கடிதங்கள் வாங்கினால் மனு வலுவாகும்?

பதில்: கடிதம் வாங்கும் முன் ஒரே ஒரு பத்தி எழுதுங்கள்: அமெரிக்காவில் எதைச் செய்து முடிக்கப் போகிறீர்கள்? மனு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அதில்தான்.

2016-ல் குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் தந்த தனசார் தீர்ப்பின்படி, மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரி மூன்றைப் பார்க்கிறார். உங்கள் பணித்திட்டத்துக்கு மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா? அதை நிறைவேற்றும் நிலையில் இருக்கிறீர்களா? வேலை வாய்ப்பும் லேபர் சர்டிஃபிகேஷனும் (அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்க ஊழியர் கிடைக்கவில்லை என்ற தொழிலாளர் துறைச் சான்று) இல்லாமல் உங்களை அனுமதிப்பது நாட்டுக்கு நன்மையா? அந்த வழக்கில் மனுதாரரின் உந்துவிசை ஆராய்ச்சி ஏற்கப்பட்டது. அவர் கற்பிக்கும் பணியும் மதிப்புள்ளதுதான். ஆனால் அதன் பலன் அவருடைய மாணவர்களைத் தாண்டிப் போவதாகக் காட்டப்படவில்லை என்று ஒதுக்கப்பட்டது.

ஆகவே ‘மின் பொறியாளராகத் தொடர்ந்து பணியாற்றுவேன்’ என்று எழுதினால் அது வேலை விவரம் மட்டுமே. ‘இன்வெர்ட்டர் வழியாக வரும் சூரிய மின்சாரம் பழுது நேரத்தில் குறைந்த மின்னோட்டமே தருவதால் பழுதைக் கண்டறிய வேண்டிய பழைய ரிலே கருவிகள் ஏமாறுகின்றன, அதைச் சரிசெய்யும் அமைப்புமுறையை உருவாக்கி, பல மின் நிறுவனங்கள் பயன்படுத்தும்படி வெளியிடுவேன்’ என்பது பணித்திட்டம். துறையில் ஆள் பற்றாக்குறை என்ற வாதத்தை மட்டும் நம்பாதீர்கள். பற்றாக்குறையைச் சோதிக்கத்தான் லேபர் சர்டிஃபிகேஷன் இருக்கிறது என்று பதில் வரும்.

இனி கடிதங்கள். ஐந்தாறு போதும், பாதியாவது உங்களோடு வேலை செய்யாதவர்களிடமிருந்து வரட்டும். ‘திறமைசாலி, கடின உழைப்பாளி’ என்பதால் பயனில்லை. உங்கள் முறையை யார், எப்போது, எங்கே பயன்படுத்தினார்கள், என்ன மாறியது என்று இருக்க வேண்டும். கடிதம் சொல்வதற்கு மனுவில் தனி ஆவணமும் வேண்டும். எல்லாக் கடிதத்திலும் ஒரே சொற்றொடர் திரும்ப வந்தால், நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்கியதாகத்தான் தெரியும்.

பலர் கவனிக்காமல் விடுவது இபி-2-க்கான கல்வித் தகுதிப் பகுதியை. நான்காண்டு பி.இ.யோடு, பட்டத்துக்குப் பின் பொறுப்பு கூடிக்கொண்டே போன ஐந்து ஆண்டு அனுபவம் சேர்ந்தால் முதுநிலைக்குச் சமம். மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபடும். நம் ஊர் நிறுவனங்களின் ரிலீவிங் கடிதத்தில் பதவியும் தேதியும்தான் இருக்கும், அது போதாது. என்ன வேலை, முழுநேரமா என்று எழுதிய கடிதம் வேண்டும். எச்.ஆர். மறுத்தால் பழைய மேலாளரின் கடிதத்தோடு சம்பளச் சீட்டுகளைச் சேருங்கள். பணித்திட்டம் உங்கள் படிப்புத் துறையோடு ஒட்டியிருக்கிறதா என்பதும் 2025 ஜனவரி வழிகாட்டுதலுக்குப் பிறகு கூர்ந்து பார்க்கப்படுகிறது.

மனுப் படிவமான ஐ-140-உடன், தொழிலாளர் துறைப் படிவமான இடிஏ-9089-இன் பின்னிணைப்பு ஏ-வும், நீங்கள் கையெழுத்திட்ட இறுதி முடிவுப் பக்கமும் போக வேண்டும். தமிழ் ஆவணம் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் சான்றும் தேவை. கட்டணத்தை அனுப்பும் நாளில் யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) தளத்தில் சரிபாருங்கள். 2024 ஏப்ரல் விதிப்படி 715 டாலர். அதோடு புகலிடத் திட்டக் கட்டணம் தனியே. தானே மனு போடுபவருக்கு அது 300 டாலர், 600 அல்ல. தொகை தவறினால் கட்டு முழுவதும் திரும்பி வரும்.

இந்தியாவில் பிறந்தவருக்கு ஒப்புதல் கிடைத்ததும் கிரீன் கார்டு வராது. இபி-2 வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது. ஆனால் வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் பிரயாரிட்டி தேதி உங்கள் பெயரில் பதிவாகும், எச்-1பி-யை ஆறாண்டுக்கு மேல் நீட்டிக்கவும் உதவும். முன்பு நிறுவனம் போட்ட ஐ-140 ஒப்புதல் பெற்றிருந்தால் அதன் பழைய தேதியையே கேளுங்கள். அந்த ஒப்புதல் கடித நகலை இணைக்க மறக்காதீர்கள்.

கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்எஃப்இ வந்தால் அதிகபட்சம் 84 நாள். பதில் ஒரே தடவையில் முழுதாகப் போக வேண்டும். மனு போட்ட நாளுக்குப் பிறகு கிடைத்த காப்புரிமை அந்த நாளின் தகுதியை நிரூபிக்காது. அது கையில் வந்தபின் புது மனு போடலாம், தடையில்லை.