முட்டைக்கோசுப் புழுவுக்குப் ‘பசுமை வேதியியல்’ மருந்து வாங்கலாமா?

கேள்வி: தளி பக்கம் ஒரு ஏக்கர் முட்டைக்கோசு, நட்டு 35 நாள் ஆகிறது. இலையெல்லாம் சல்லடை. கடையில் ஸ்பைனோசாட் மருந்தைக் காட்டி, ‘இது பசுமை வேதியியல் மருந்து, விஷமே இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம்’ என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பசுமை வேதியியல், அதாவது ஆளுக்கும் சுற்றுச்சூழலுக்கும் கேடு குறைவாக இருக்கும்படி ரசாயனம் உருவாக்கும் முறை, என்றது சரி, மற்றதெல்லாம் கடைக்காரர் சேர்த்தது.

முதலில் வயலில் இறங்கி இலையைப் புரட்டுங்கள். நெல்மணி நீளத்தில் பச்சைப் புழு, தொட்டதும் வெடுக்கென்று துள்ளி நூல் விட்டுத் தொங்கினால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுதான். செடிக்கு இரண்டுக்கும் குறைவாக இருந்தால் மருந்துச் செலவே வேண்டாம்.

ஸ்பைனோசாட், கரீபியத் தீவு ஒன்றில் கைவிடப்பட்ட ரம் ஆலையின் மண்ணிலிருந்து 1982இல் கண்டெடுத்த பாக்டீரியாவை நொதிக்கவைத்து எடுப்பது. வெயிலில் சீக்கிரம் சிதையும், இப்படிப்பட்ட குணங்களுக்காகத்தான் 1999இல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருது அதற்குக் கிடைத்தது. அதற்காக விஷமில்லை என்று ஆகிவிடுமா? தெளித்த ஈரம் காயும்வரை தேனீக்கு ஆகாது, ஆகவே சாயங்காலம் அடியுங்கள். புட்டியில் 2.5 எஸ்.சி. (மருந்து 2.5 சதவீதம் உள்ள திரவம்) என்று இருந்தால் ஏக்கருக்கு 250 முதல் 280 மில்லி போதும், அடித்து மூன்று நாள் கழித்துத்தான் அறுவடை. கோசு இலை மெழுகு பூசினதுபோல இருக்கும், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், அதனால் ஒட்டுதிரவம் கலக்காமல் அடித்தால் பாதி மருந்து மண்ணுக்குத்தான்.

அப்புறம் அந்த ‘எத்தனை தடவை வேண்டுமானாலும்’. ஹவாய்த் தீவுகளில் இதே பூச்சிக்கு இதே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தார்கள், இரண்டே வருடத்தில், 2000 வாக்கில், புழு மருந்துக்குக் கேட்காமல் போய்விட்டது. நீங்கள் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் போகாதீர்கள். நடுவில் பி.டி. பாக்டீரியா மருந்து, இல்லாவிட்டால் வேப்பங்கொட்டைச் சாறு: 10 கிலோ பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, துணியில் பிழிந்தால் பால்போல வரும், அதை 200 லிட்டராக்கிக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அன்றைக்கே அடித்துவிடுங்கள். கொட்டை பழசானால் வீரியம் இருக்காது, போன வருடத்து மூட்டையைத் தேடாதீர்கள்.

அடுத்த போகத்துக்கு 25 வரிசைக் கோசுக்கு 2 வரிசை கடுகு, ஒரு வரிசையை நடவுக்கு 15 நாள் முன்னாலும் இன்னொன்றை நட்ட 25ஆம் நாளும் விதையுங்கள். அந்து முதலில் கடுகில்தான் முட்டையிடும், பெரும்பாலும் அங்கே மட்டும் மருந்தடித்தால் போதும்.