ஒரே ஒரு குழாய்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஆறாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கறேன். போன மாசம் எங்க பசங்க 42 பேர பக்கத்துல இருக்கற ஒரு பண்ணைக்கு கூட்டிட்டுப் போனோம். கேரட் பிடுங்கினாங்க, கன்னுக்குட்டியத் தடவிக் குடுத்தாங்க, அவ்ளோ சந்தோஷம். திரும்பி வந்து 'ஆரோக்கியத் தட்டு'ன்னு பெரிய சார்ட் வரைஞ்சு கிளாஸ்ல ஒட்டினோம். ஆனா அடுத்த திங்கட்கிழமை மதியம் பாத்தா பழையபடி காய் எல்லாம் குப்பைத் தொட்டியிலதான் கிடக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்றது சரிதான் போல. சாப்பாட்டப் பத்தி பசங்களுக்கு சொல்லிக் குடுக்க நல்ல புத்தகமோ பாடத்திட்டமோ இருந்தா சொல்லுங்கக்கா. சிப்ஸ் பாக்கெட்ட ஸ்கூல்ல தடை பண்ணலாமா? ஆர்கானிக் காய் மட்டும்தான் குடுக்கணுமா? பேரு போட வேண்டாம்.

அன்புள்ள டீச்சருக்கு,

புத்தகம் கேட்டு வர்ற கடிதத்துக்கு வழக்கமா ரெண்டு வரி எழுதிட்டு வேற வேலையப் பாக்கப் போயிடுவேன். ஆனா நீங்க அந்த திங்கட்கிழமை குப்பைத் தொட்டிய எட்டிப் பாத்திருக்கீங்க. டூர் போயிட்டு வந்து போட்டோ போடறவங்கள்ல எத்தனை பேரு அதப் பாப்பாங்க? அதுக்காகவே உக்காந்து எழுதறேன், கொஞ்சம் திட்டுவேன், கோச்சுக்காதீங்க.

சின்ன விஷயத்த மொதல்ல முடிச்சிடறேன். ஆர்கானிக் பஞ்சாயத்துக்கு நான் வரல. காய் முதல்ல வாய்க்குள்ள போகட்டும், ஜாதகம் அப்புறம் பாக்கலாம். சிப்ஸ தடை பண்றதும் பண்ணாததும் உங்க இஷ்டம், பையத் தொறந்து பாக்கற வேலைய நீங்க எடுத்துக்கிட்டா ஒளிச்சு வைக்கற வேலைய பசங்க எடுத்துக்குவாங்க, அவ்ளோதான். அப்புறம் அந்த சுரைக்காய் பழமொழி. தயவுசெஞ்சு இனிமே யாரும் எனக்கு அத எழுதாதீங்க. ஏட்டுச் சுரைக்காய விடுங்கம்மா, நிஜ சுரைக்காயே மூட்டை மூட்டையா வந்து எறங்கினாலும் யாராவது உக்காந்து நறுக்கலேன்னா கறி ஆகாது. நான் சொல்ல வர்றதே அதுதான்.

சார்ட்டப் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன். லீஆன் பிர்ச்னு ஒரு அம்மா, குழந்தைங்க சாப்பாட்டப் பத்தி காலம் பூரா ஆராய்ச்சி பண்ணவங்க. 1980கள்ல அவங்களும் கூட இருந்தவங்களும் ரெண்டு மூணு வயசுக் குழந்தைங்களுக்கு முன்னப் பின்ன தெரியாத சாப்பாட்டக் குடுத்துப் பாத்தாங்க, சிலத ரெண்டு தடவை, சிலத அஞ்சு, பத்து, பதினஞ்சுன்னு. எத எத்தனை தடவை ருசி பாத்துச்சோ அந்த அளவுக்கு அது பிடிச்சுப் போச்சு. இன்னொரு தடவை சிலத வெறுமனே காட்ட மட்டும் செஞ்சாங்க, சிலத வாயில வைக்க வச்சாங்க. காட்டினதுல கண்ணுக்குப் பழக்கம் வந்துச்சே தவிர நாக்குக்கு வரல. உங்க பசங்க அவ்ளோ சின்னவங்க இல்லதான், இருந்தாலும் சுவத்துல ஒட்டின கேரட் எத்தனை மாசம் தொங்கினாலும் அது கண்ணுக்குத்தான். பண்ணையில ஒரு நாள் பிடுங்கின கேரட்டும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான்.

இப்ப திட்டு. 42 பசங்க கேரட் பிடுங்கினாங்கன்னு எழுதறீங்க, அந்தக் கேரட் எங்க போச்சுன்னு எழுதல. ஆளுக்கு ஒண்ணு பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பாங்க, இல்ல பஸ்லயே விட்டிருப்பாங்க. அந்தப் பண்ணையில இருந்து உங்க ஸ்கூல் கிச்சனுக்கு இதுவரைக்கும் ஒரு கிலோவாவது வந்திருக்கா? நீங்க கூட்டிட்டுப் போனது டூர்மா. விவசாயிக்கு அது ஒரு நாள் கூத்து, உங்களுக்கு ஒரு ஆல்பம். இப்படி எழுதறதுக்கு எனக்கு என்ன யோக்கியதைன்னு கேக்கலாம், கேக்கணும். நானும் இதே கூத்த அடிச்சவதான், உங்களவிட பெருசா.

ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஸ்கூல்ல, பேரு வேண்டாம், பிள்ளைங்க முந்நூறு பேரு, மதியச் சாப்பாடு அங்கயே சமைக்கறது, நான் போய் ஒரு மணி நேரம் பேசி நிர்வாகத்த சம்மதிக்க வச்சேன். பக்கத்துலயே விவசாயம் பண்ற ஒருத்தர்கிட்ட இருந்து வாரம் ஒரு நாள் காய் வாங்கறதுன்னு ஏற்பாடு. முத திங்கட்கிழமை காலைல எட்டரைக்கு 25 கிலோ கேரட், தழையோட, மண்ணோட, மூட்டையில வந்து எறங்குச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, மண்வாசனை அது இதுன்னு என்னமோ பேசிட்டு இருந்தேன். சமையல்ல ரெண்டு பேரு. அதுல மூத்த அம்மா ஒண்ணும் பேசல, மூட்டைக்குள்ள கைய விட்டு ஒரு கேரட்ட எடுத்தாங்க. ரெண்டு கால் வச்ச மாதிரி கிளை பிரிஞ்சு போன கேரட். அந்தக் கவட்டைக்குள்ள மண்ணு அப்பியிருக்கு. குழாய்க்கு அடியில பிடிச்சு கட்டைவிரலால நோண்டறாங்க, போகல. கத்திய எடுத்து சரியா அந்தக் கவட்டையில வச்சு ரெண்டாப் பொளந்து, ஒவ்வொரு காலயும் தனித்தனியா தேச்சுக் கழுவி, வால வெட்டி, தோலச் சொரண்டி என் முன்னாடி வச்சாங்க. 'இந்த ஒண்ண கழுவற நேரத்துல மார்க்கெட்ல வர்ற நேர் கேரட்டு நாலு வெட்டிடுவேன். குழாய் ஒண்ணுதான் இருக்கு, பன்னெண்டரைக்கு மணி அடிச்சிடும். நீங்க கழுவறீங்களா?'

அன்னிக்கு சாப்பாடு நாப்பது நிமிஷம் லேட். முந்நூறு குழந்தைங்க தட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருந்தத மறக்க முடியல.

அடுத்த வாரத்துல இருந்து நான் ஏழு மணிக்கே போய் தரையில உக்காந்துட்டேன். நாலு வாரம். கத்தி முதுகு அழுத்தற எடத்துல ஆள்காட்டி விரல்ல கொப்புளம் வந்து உடைஞ்சு காய்ச்சுப் போச்சு. கீரை கழுவ அந்தம்மா மூணு பாத்திரம் வைப்பாங்க, ஒண்ணுல இருந்து தூக்கி இன்னொண்ணுல போடணும், பாத்திரத்த சாய்ச்சு ஊத்தக் கூடாது, ஊத்தினா அடியில தங்கின மண்ணு திரும்ப கீரை மேலயே வந்து உக்காந்துக்கும். மூணாவது தண்ணியோட அடியில விரல வச்சு தேச்சுப் பாப்பாங்க, நறநறன்னா நாலாவது தண்ணி. இதுக்கெல்லாம் அவங்களுக்கு ஒரு ரூபா கூடக் குடுக்கல, வேலைதான் ரெண்டு மடங்கு ஆச்சு. நாங்க வெளிய 'மண்ணிலிருந்து தட்டுக்கு'ன்னு பேனர் கட்டிட்டு இருந்தோம்.

அஞ்சாவது வாரம் எனக்கு வேற வேலை, நான் போகல. அன்னிக்கு ஒரு பொண்ணு தட்டுல கீரையோட ஒரு புழு. சின்னதுதான். சாயங்காலம் அப்பா வந்து சத்தம் போட்டாரு. மறுநாள் ஆபீஸ் ரூம்ல அந்தம்மாவ நிக்க வச்சு விளக்கம் கேட்டாங்க. நான் அங்க சேர்ல உக்காந்திருந்தேன். இவங்க ஒத்தை ஆளா அத்தனை கீரையும் கழுவினாங்க, காய வரவச்சது நான், தப்பு என்னுதுன்னு சொல்லியிருக்கணும். வாயத் தொறக்கல. அந்தம்மா என்னப் பாக்கவும் இல்ல, 'சரிங்க, இனிமே பாத்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அடுத்த வாரம் விவசாயியும் நிறுத்திட்டாரு, முத மூட்டைக்கே இன்னும் பணம் போகல, ஆபீஸ்ல மூணு கொட்டேஷன் கேட்டிருக்காங்க, ஒரே ஒரு ஆள் தன் வயல் கேரட்டுக்கு மூணு கொட்டேஷன் எங்க போய் வாங்குவாரு? பேனர் மட்டும் அந்த வருஷம் முழுக்க தொங்குச்சு.

இந்தப் பணம் விஷயத்த நான் விட மாட்டேன், போரடிச்சாலும் படிங்க. பிரேசில்ல 2009ல ஒரு சட்டம் போட்டாங்க. பள்ளிச் சாப்பாட்டுக்கு மத்திய அரசு குடுக்கற பணத்துல குறைஞ்சது 30 சதவீதத்துக்கு (2026ல இருந்து 45 சதவீதம்) குடும்ப விவசாயிங்க விளைவிச்சத நேரடியா அவங்ககிட்டயோ அவங்க சங்கத்துக்கிட்டயோ வாங்கியாகணும். முக்கியமானது இனிமேதான். இதுக்கு வழக்கமான டெண்டர் வேண்டாம்னு சட்டமே சொல்லுது. அந்த ஊர் சந்தை விலைய விசாரிச்சு, வாங்கற விலைய முன்னாடியே போட்டு, 'இன்ன காய் இவ்ளோ வேணும், யார் குடுக்கறீங்க'ன்னு பொதுவுல அறிவிப்பாங்க. யாரு கம்மியா குடுப்பாங்கற போட்டி இல்ல. நம்ம ஆளு மூணு கொட்டேஷனுக்கு அலைஞ்சாரே, அந்தக் காகிதத்தயே தூக்கிக் கடாசிட்டாங்க. இதுலயும் ஓட்டை உண்டு, விவசாயியால முறையா பில் குடுக்க முடியலேன்னாலோ தொடர்ந்து சப்ளை பண்ண முடியலேன்னாலோ சுத்தம் சரியில்லேன்னாலோ அந்தக் கட்டாயத்துல இருந்து விலக்கு வாங்கிக்கலாம். மனசில்லாத அதிகாரிக்கு அது போதும். இருந்தாலும் பாருங்க, தடுக்கி விழற எடம் எது எதுன்னு எழுதி வச்சிருக்காங்கல்ல? பில், தொடர்ச்சி, சுத்தம். நான் மூணுலயும் விழுந்தேன்.

அமெரிக்காவுல பண்ணையையும் பள்ளியையும் சேக்கறதுக்குன்னே 2010 சட்டத்துல தனியா மானியம் ஒதுக்கினாங்க, நல்ல விஷயம். ஆனா பள்ளிச் சாப்பாட்டுக்கு வாங்கறப்போ உள்ளூர் விளைச்சலுக்கு முன்னுரிமை குடுக்கலாம்னு 2008லதான் வழி விட்டாங்க, 'உள்ளூர்ல விளைஞ்சதா இருக்கணும்'னு டெண்டர் நிபந்தனையாவே எழுதலாம்னு ஆனது 2024 ஜூலையில. ஒரு வார்த்தைக்கு பதினாறு வருஷம்மா! நீங்க சார்ட்டுக்கு கலர் அடிச்சுட்டு இருக்கீங்க.

கோவத்துல ஓடிட்டேன். நீங்க கேட்டது பாடத்திட்டம்ல.

அமெரிக்காவுல பெர்க்லிங்கற ஊர்ல ஆலிஸ் வாட்டர்ஸ்னு ஒரு ரெஸ்டாரண்ட்காரம்மா 1995ல ஒரு நடுநிலைப்பள்ளியில தார் போட்ட எடத்தப் பேத்து தோட்டம் ஆக்கினாங்கன்னு எல்லாரும் கதையா சொல்லுவாங்க, நீங்களும் கேட்டிருப்பீங்க. எல்லாரும் தோட்டத்த மட்டும் சொல்லுவாங்க. அங்க ஒரு சமையல் கிளாஸ்ரூமும் இருக்கு, பசங்க விளைஞ்சத எடுத்துட்டு வந்து கழுவி நறுக்கி சமைச்சு ஒரே மேஜையில சேந்து உக்காந்து சாப்பிடுவாங்க. அந்தப் பாதிய விட்டுட்டுத்தான் உலகம் பூரா ஸ்கூல் தோட்டம் போடறாங்க. ரிப்பன் வெட்டறதுக்கு தோட்டம் வசதி, அடுப்படியில அமைச்சர நிக்க வைக்க முடியாது பாருங்க.

ஜப்பான்ல பண்றத நீங்க நாளைக்கே கொஞ்சம் ஆரம்பிக்கலாம். 2005ல உணவுக் கல்விக்குன்னே அங்க தனிச் சட்டம் வந்துச்சு, அதே வருஷம் ஊட்டச்சத்து ஆசிரியர்னு ஒரு பதவியும் வந்துச்சு, மெனு போடறதும் அவங்கதான், கிளாஸ்ல வந்து பாடம் எடுக்கறதும் அவங்கதான். பசங்க முறை வச்சு வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் மாட்டிக்கிட்டு பாத்திரத்தத் தூக்கிட்டு வந்து மத்தவங்களுக்குப் பரிமாறுவாங்க. டீச்சரும் அங்கயே அதையேதான் சாப்பிடுவாங்க. அதுக்கு முன்னாடி ஹெட்மாஸ்டரோ பொறுப்புல இருக்கற வேற ஒருத்தரோ ஒரு தட்டு சாப்பிட்டுப் பாத்தாகணும். எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது அதுதான். புழு இருந்தா மொதல்ல அவரு தட்டுல இருக்கணும். அந்த ஆபீஸ் ரூம்ல அப்படி ஒரு ஆள் இருந்திருந்தா அந்தம்மா நின்னிருக்க வேண்டியதில்ல.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அந்த நாலு வாரமும் தொட்டியில காய் கம்மியாத்தான் விழுந்துச்சு. காரணம் நான்னு நெனச்சிருந்தேன். அப்புறம் ஒரு பையன்கிட்ட கேட்டா, ரெண்டு கால் கேரட்ட அந்தம்மா தூக்கி வச்சிருந்து, பரிமாறும்போது வரிசையில நிக்கற பொடிசுங்ககிட்ட 'இது நேத்து ராத்திரி நடந்து வந்துச்சுடா'ன்னு காட்டுவாங்களாம். மறுநாளும் நடந்து வருமான்னு கேட்டு கேட்டு சாப்பிட்டிருக்குங்க. அவங்களுக்கு நான் பாடத்திட்டம் எதுவும் குடுக்கல.

உங்க கடிதத்துல பண்ணை இருக்கு, விவசாயி இருக்காரு, பஸ் இருக்கு, சார்ட் இருக்கு, பசங்க இருக்காங்க. சமைக்கறவங்க ஒரு வரியில கூட இல்ல. நாளைக்கு காலைல ஏழு மணிக்கு போங்க. போட்டோ எடுக்காதீங்க, பேசவும் செய்யாதீங்க, கத்தி இருந்தா வாங்கி உக்காருங்க. எத்தனை பேரு வெட்டறாங்க, எத்தனை குழாய் இருக்கு, எத்தனை மணிக்குள்ள முடிச்சாகணும்னு பாத்து எனக்கு எழுதுங்க. அவங்க பேரையும் எழுதுங்க, அவங்க சரின்னா. புத்தக லிஸ்ட் அப்புறம் அனுப்பறேன்.

அன்புடன்,
அக்கா