பழுப்பான தண்ணீரைக் கண்டு பயந்து வாங்க வேண்டாம்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் பயிற்சி நிலையம் நடத்துகிறோம். தினமும் சுமார் 60 பெண்கள் வருகிறார்கள். கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஆழ்குழாய்க் கிணற்று நீரைச் சுத்திகரித்துக் குளிரவைத்துத் தரும் இயந்திரம் வாங்க நினைக்கிறோம். ஒரு விற்பனையாளர் எங்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார், தண்ணீர் பழுப்பாகிவிட்டது. அவருடைய ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. வாங்கிவிடலாமா?

பதில்: அவரிடம் வாங்காதீர்கள். அந்தப் பழுப்பு உங்கள் கிணற்றிலிருந்து வந்ததல்ல, கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. உப்புகள் கரைந்த நீரில் மின்சாரம் எளிதில் பாய்வதால் இரும்பு அரிக்கிறது, ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அரிப்பதில்லை. அந்த ஆர்.ஓ. நீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டால் அதுவும் பழுப்பாகும். பிள்ளைகளின் உடல்நலத்தைச் சொல்லிப் பயமுறுத்தி விற்கும் இந்த வித்தை எனக்குக் கோபமூட்டுகிறது.

முதலில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைப் பரிசோதியுங்கள். கரைந்த திடப்பொருள் (டி.டி.எஸ்., பெரும்பாலும் உப்புகள்) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. கடலோரக் கிணறுகளில் உவர்ப்பு ஏறுவது நாம் அறிந்ததே. 500-ஐ நன்றாகத் தாண்டினால் ஆர்.ஓ. வாங்குங்கள். அதற்குள் இருந்து, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவையும் அளவோடு இருந்தால் யு.எஃப். (நுண்துளை வடிகட்டி), யு.வி. (கிருமி கொல்லும் புற ஊதா விளக்கு) போதும், ஆர்.ஓ. வைத்து வீணாகத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். ஆர்.ஓ. கழிவுநீரால் தரை கழுவலாம், செடிக்கு ஊற்றாதீர்கள்.

கூலரில் 40/80 என்று போட்டிருந்தால் மணிக்கு 40 லிட்டர் குளிரவைக்கும், 80 லிட்டர் கொள்ளும் என்று பொருள். மதிய இடைவேளையில் 60 பேரும் அரை லிட்டர் பிடித்தால் 30 லிட்டர்தான். இந்த அளவு தாராளம். இடிப்பது சுத்திகரிப்பானில். வீட்டு ஆர்.ஓ. மணிக்கு 15 லிட்டர் அளவில்தான் தரும். குறைந்தது 25 லிட்டர் தருவதாகப் பாருங்கள்.

பலரும் கேட்க மறப்பது கூலரின் உள்தொட்டி பற்றி. ஆழ்குழாய் நீரில் குளோரின் கிடையாது. மாநகராட்சிக் குழாய் நீரில் இருந்தாலும் கார்பன் வடிகட்டி அதை எடுத்துவிடும். ஆக, தொட்டியில் தேங்கும் நீருக்குக் காவல் எதுவுமில்லை. குளிர்ச்சி கிருமியைக் கொல்லாது, வளர்ச்சியைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. தொட்டிக்கு முன்னால் உள்ள யு.வி. விளக்கு, தொட்டிக்குள் பின்னால் வளர்வதை ஒன்றும் செய்யாது. எனவே தொட்டிக்குப் பின், குழாய்க்குச் சற்று முன்னால் யு.வி. உள்ள மாடலைக் கேளுங்கள். மூடியைக் கழற்றிக் கை நுழைத்துத் தேய்க்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். முடியாதென்றால் அடுத்த மாடலுக்குப் போங்கள்.

உள்தொட்டி 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டுவதை நம்ப வேண்டாம். மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. வடிகட்டி, மெம்பிரேன் (ஆர்.ஓ.வில் உப்பைப் பிரிக்கும் சவ்வு) மாற்றும் செலவையும், கடலூருக்கு யார் பழுதுபார்க்க வருவார் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தந்ததை மீறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஈரக் கையோடு தொடும் இயந்திரம் இது. முறையான எர்த் இணைப்பும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் பொருத்திய பிறகே மின்சாரம் கொடுங்கள்.